வங்கத் திரையில் வைத்தியரும் டாக்டரும்

கிராமத்து வைத்தியனையும் பட்டணத்து டாக்டரையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் திரைப்படங்களை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். அவற்றுட் பெரும்பாலன ஒரே அச்சில் வார்த்தவை. தலையை விரித்துப்போட்ட பூசாரி ஒருவன் வேப்பிலையை வீசுவான். கட்டிலிற் கிடக்கும் குழந்தை கண்ணைச் சொருகும். வாயிலில் மோட்டார் வண்டி வந்து நிற்கும். கழுத்திற் குழாயணிந்த இளைஞர் ஒருவர் உள்ளே நுழைந்து ஓர் ஊசி குத்துவார். குழந்தை எழுந்து 'அம்மா' என்னும். பூசாரி தலைகுனிந்து ஊரைவிட்டு நீங்குவான். வேறொரு வகைப் படத்தில் இதே கதை தலைகீழாக நடைபெறும். டாக்டர்கள் கைவிரித்த நோயாளியை மலையடிவாரத்துக் கிழவர் ஒருவர் பச்சிலைச் சாற்றினால் எழுப்பிவிடுவார். இருவகையும் பார்க்கும்பொழுது இனிமையாகவே உள்ளன. வீடு திரும்பிய பின்னர், நள்ளிரவில் நம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது என்ற கேள்விக்கு மட்டும் அவற்றினின்று விடை கிடைப்பதில்லை.

அக்கேள்வியை நேர்மையோடு எடுத்துக்கொண்ட படங்கள் வங்க நாட்டிலே சில உண்டு. அவற்றுள் நான்கினைப் பற்றி இங்குக் கூற விழைகின்றோம். 1960-ஆம் ஆண்டில் வெளிவந்த சத்தியஜித் ராயின் 'தேவி'. 1967-ஆம் ஆண்டுக்குரிய தேசியத் திரைப்பட விருதுகளுள் சிறந்த வங்கப் படத்திற்கான விருதைப் பெற்றதும், பிஜய் போஸ் இயக்கியதுமான 'ஆரோக்கிய நிகேதன்'. அதே ஆண்டுக்குரிய நாட்டின் தலைசிறந்த படமென்று பரிசளிக்கப்பெற்ற தபன் சின்ஹாவின் 'ஹாட்டே பஜாரே'. 1989-இல் வந்த ராயின் 'கணசத்ரு'. இவற்றைத் தொடர்ந்து காண்பார்க்கு ஒன்று புலனாகும். பழைய வைத்தியம், புதிய வைத்தியம் என இரண்டு கட்சிகளே உள்ளன என்று நாம் எண்ணியிருப்பது பிழை. அங்கே மூவர் நிற்கின்றனர். தெய்வத்தின் பெயரால் நோய் தீர்ப்பவர் ஒருவர். சுவடியும் மூலிகையும் கைப்பழக்கமும் கொண்டு நோய் தீர்க்கும் கவிராஜர் ஒருவர். ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர். முதலிருவரையும் ஒரே கட்டாகக் கட்டி, 'மரபு' என்று அதற்குப் பெயரிட்டு விடுவதனாலேயே பல படங்களும், நாம் கேட்ட மேடைப் பேச்சுக்கள் சிலவும் கெட்டுப்போகின்றன.

கவிராஜர் என்ற சொல்லைக் கேட்டு நகைக்க வேண்டா. கவிகளுக்கு அரசர் என்பதே அதன் பொருள். வங்கத்தில் ஆயுர்வேத வைத்தியருக்கு அது பட்டப்பெயராய் வழங்கிற்று. வைத்திய நூல்கள் செய்யுளாக இருந்தவை. நம் சித்தர் நூல்களும் அத்தகையனவே ஆதலின் நமக்கு இதில் வியப்பில்லை. இவர் நோயாளியின் மணிக்கட்டிலே மூன்று விரல்களை வைத்து, ஆள்காட்டி விரலின்கீழ் வாதத்தையும், நடுவிரலின்கீழ்ப் பித்தத்தையும், மோதிர விரலின்கீழ்க் கபத்தையும் உணர்வதாகச் சொல்லுவார். இம்முறை தவறாகவே இருக்கலாம். ஆயினும் அது ஒரு முறை. அதனைக் கற்பிக்கலாம், அதைப்பற்றி வாதாடலாம், சொன்னது பொய்த்தால் வைத்தியர் வெட்கப்படலாம். பூசாரிக்கோ வெட்கப்பட வேண்டிய வேளையே வருவதில்லை. பிள்ளை பிழைத்தால் தேவியின் அருள். இறந்தால் தேவியின் சித்தம். எது நேரினும் அவர் கூற்று பொய்ப்பதில்லை.

இவ்விரண்டும் நாட்டு வாழ்க்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதையும் மறைக்கலாகாது. பெரியம்மையை வங்கத்தார் சீதளா தேவியின் வருகை என்று கொண்டனர். ஆனால், அதே வங்கத்தில், இளவேனிற்குச் சற்று முன்னர் ஊரூராய்ச் சென்று, அம்மைப் பாலைத் தோலிற் கீறி ஏற்றிவந்த அந்தணர்களும் இருந்தனர். அவர்கள் மந்திரமும் சொல்லினர், பத்தியமும் விதித்தனர், ஊசியும் வைத்தனர். கல்கத்தாவிலிருந்து மீண்ட ஹால்வெல் என்பவர் 1767-இல் லண்டன் வைத்தியர் கழகத்தார்க்கு இதனை விரிவாக எழுதினார். ஜென்னர் பசுவம்மைப் பாலைக்கொண்டு தம் சோதனையைச் செய்தது அதற்கு இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1796-இலேதான். தேவியைப் பாடிக்கொண்டே கீறிய அக்கையை எந்தப் பக்கத்திற் சேர்ப்பது?

மூலிகையின் கதையும் இவ்வாறே. சர்ப்பகந்தி வேரை வங்கக் கவிராஜர்கள் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் கொடுத்துவந்தனர். கணநாத் சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், பித்துக்கும் இரத்த அழுத்தத்திற்கும் அது பயன்படுவதை 1931-இல் கல்கத்தாவிலிருந்து எழுதி வெளியிட்டனர். 1949-இல் பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜல் வக்கீல் என்ற டாக்டர் அதனை ஆங்கில மருத்துவ இதழில் எழுதியபின் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்து நாட்டுக் கம்பெனியார் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்தைக் குறைக்க உலகெங்கும் கொடுக்கப்பட்ட முதன்மையான மருந்துகளுள் அது ஒன்றாயிற்று. அளவு மிகுந்தால் அது மனத்தை வாட்டுவதும் பின்னர்க் காணப்பட்டது. பச்சிலை ஆதலின் தீங்கில்லை என்பாரும், பச்சிலை ஆதலின் பயனில்லை என்பாரும் இவ்வொரு வேரின் வரலாற்றைப் படிப்பாராக.

இனிப் படங்களுக்கு வருவோம். 'தேவி' 1860-ஆம் ஆண்டளவில், ஒரு ஜமீன்தார் மாளிகையில் நடைபெறும் கதை. பிரபாத் குமார் முகோபாத்தியாயர் எழுதிய சிறுகதை அதற்கு மூலம். அக்கதைக்குக் கருவை அளித்தவர் ரவீந்திரநாத தாகூர். காளிகிங்கரர் என்னும் முதியவர் காளிபக்தர். ஓரிரவு அவர்க்குக் கனவு தோன்றுகிறது. தம் இளைய மருமகள் தயாமயியே அன்னை காளி என்று தெளிகிறார். பதினேழு வயதுப் பெண்ணை மேடையிலமர்த்தித் தூபம் காட்டுகின்றனர். கணவன் உமாப்பிரசாதன் கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வி பயிலுபவன். செய்தி கேட்டு விரைந்து வருகிறான். தந்தையோடு அவன் வாதாடிக்கொண்டிருக்கும் வேளையிலேயே, ஏழைக் கிழவன் ஒருவன் சாகக் கிடக்கும் தன் பேரனைக் கொணர்ந்து தேவியின் அடியிற் கிடத்துகிறான். குழந்தையின் வாயிற் சரணாமிருதம் விடப்படுகிறது. குழந்தை கண் விழிக்கிறது. உமாப்பிரசாதன் கற்ற தருக்கமெல்லாம் அக்கணமே நாவடங்கி நிற்கிறது.

அக்குழந்தை ஏன் பிழைத்தது? ராய் சொல்லவில்லை, சொல்லாமைதான் அவருடைய திறம். காய்ச்சல்களுட் பல, மருந்து உண்டாலும் உண்ணாவிடினும் தம் நாளெண்ணி முடிந்து தாமே இறங்கிவிடுவன. நோய் உச்சத்தில் இருக்கும்பொழுதே மக்கள் கோயிலுக்கு ஓடுகின்றனர். உச்சத்திற்கு அடுத்தது இறக்கம். இறக்கத்தின் புகழ் கோயிலுக்குச் சேருகிறது. பிழைத்த பிள்ளையின் தாய் பத்து ஊர்களிற் சொல்லுவாள். இறந்த பிள்ளையின் தாய் வாய் திறப்பதில்லை. இவ்வாறே எல்லா நாட்டிலும், எல்லா மருந்துக்கும், புகழ் வளர்ந்திருக்கிறது; டாக்டர்களுடைய பழைய மருந்துகள் சிலவற்றுக்கும்கூட.

இங்கே திரைப்படத்தைப் பற்றியே ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. ஒரு காட்சியில் தீர்த்தம் விடுகின்றனர். வெட்டி ஒட்டிய அடுத்த காட்சியில் குழந்தை விழிக்கிறது. இரண்டினையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் முன்னது காரணமென்றும் பின்னது காரியமென்றும் நம் மனமே முடிச்சுப் போட்டுக்கொள்ளுகிறது. பக்தன் செய்யும் பிழையும், படம் பார்ப்பவன் செய்யும் பிழையும் ஒன்றே. ஊசி குத்தியவுடன் குழந்தை எழுந்திருக்கும் படங்களும் இப்பிழையைத்தான் நம்மிடம் செய்விக்கின்றன. தீர்த்தத்தின் இடத்தில் ஊசி, அவ்வளவே வேற்றுமை. உண்மையில் எந்த ஊசியும் நொடிப்பொழுதில் நிமோனியாவை இறக்குவதில்லை. விஞ்ஞானத்திற்குப் பரிந்து பேசுவதாக எண்ணி மந்திரக் காட்சியையே எடுத்துவைக்கும் படங்களைக் கண்டு நாம் பலமுறை வருந்தியதுண்டு. ராய் அவ்வழி செல்லவில்லை. ஒரு முடிச்சை நம்மைக்கொண்டே போடச் செய்து, படத்தின் பிற்பகுதியில் அதனை நம் கண்ணெதிரே அறுக்கிறார். தயாமயி உயிரினும் மேலாகக் கருதும் கொழுந்தன் மகன், மூத்தவரின் சிறு பிள்ளை, காய்ச்சலிற் படுக்கிறான். பெற்ற தாய்க்கு வைத்தியரிடம் நம்பிக்கை. மாமனாருக்குத் தேவியிடம் நம்பிக்கை. பிள்ளை தயாமயியின் மடியிற் கிடத்தப்படுகிறான். விடியுமுன் இறக்கிறான். முன்னைய குழந்தைக்குக் கொடுத்த அதே தீர்த்தம், அதே கை. தயாமயியாக நடித்த ஷர்மிளா தாகூர் அந்நாளிற் பள்ளிப் பருவம் கடவாதவர். இறுதிக் காட்சியில் அவர் முகத்தைக் கண்டவர் அதனை எளிதில் மறவார்.

'தேவி'யிலே டாக்டரோ கவிராஜரோ தலைமை பெறவில்லை. இருவரும் புறத்தே நிறுத்தப்படுகின்றனர். அவ்விருவரும் நேருக்குநேர் நிற்பது 'ஆரோக்கிய நிகேத'னில். வீர்பூம் ஜில்லாவிலுள்ள லாப்பூரில் 1898-இற் பிறந்த தாராசங்கர் பந்தோபாத்தியாயர் 1953-இல் எழுதி வெளியிட்ட நாவல் அது. 1956-இல் சாகித்திய அகாடமிப் பரிசு பெற்றது. ஜீவன் மசாய் என்று ஊரார் மரியாதையாக அழைக்கும் கிழவர் ஒருவர் மூன்று தலைமுறையாக வைத்தியம் செய்யும் குடியினர். ஆரோக்கிய நிகேதன் என்பது அவர்தம் வைத்தியசாலையின் பெயர். கதை தொடங்கும்பொழுது அச்சாலை பாழ்பட்டு வருகிறது. ஊருக்கு அரசாங்க ஆஸ்பத்திரி வந்துவிட்டது. பிரத்யோத் என்னும் இளம் டாக்டரும் வந்துவிட்டார். படத்திலே கிழவராக நடித்தவர் பிகாஷ் ராய்.

ஜீவன் மசாய்க்கு ஒரு வித்தை கைவந்திருக்கிறது. நாடியைத் தொட்டு, இவர் பிழைப்பார், இவர் பிழையார் என்று அறிந்து சொல்லுவார். இதனை நிதானம் என்பர். இதனைக் கொடுமையென்று நாம் இன்று கருதுதல் எளிது. அக்காலத்து வங்கத்தில் அதற்கு ஒரு பயன் இருந்தது. இறக்கும் தறுவாயிலுள்ள முதியோரைக் கங்கைக் கரைக்குக் கொண்டுசெல்லுவது அந்நாட்டு வழக்கம். காலம் தப்பாமல் கொண்டுசெல்ல வேண்டுமாயின், காலத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும். கடன் தீர்ப்பதற்கும், தூரத்திலுள்ள மகனை வரவழைப்பதற்கும், மனத்தாங்கலுள்ள தம்பியைக் கண்டு பேசுவதற்கும் அந்நாட்கள் உதவின. எம் இளமையில் எமது ஊரிலும் முதிய வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் நாடியைப் பார்த்துவிட்டு மருந்தொன்றும் சொல்லாமல் கை கழுவத் தண்ணீர் கேட்பாராயின், வீட்டுப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவர். அவர் வாயால் ஒன்றும் சொன்னதில்லை.

ஆனால், நிதானம் சொல்லிவிட்ட வீட்டில் மருந்து நின்றுவிடும். அதுவே பிரத்யோதின் சினத்துக்குக் காரணம். நாவலில் வரும் ஏழைக் கிழவி ஒருத்தி காலடிபட்டுக் கிடக்கிறாள். மசாய் நாடி பார்த்து அவளுக்குக் காலம் நெருங்கிற்று என்கிறார். கிழவிக்கோ சாக மனமில்லை. இளம் டாக்டர் எலும்பைப் படம் பிடிக்கச் செய்து, ஆஸ்பத்திரி வைத்தியத்தினால் அவளை எழுப்பிவிடுகிறார். மசாயின் வாக்கை உயிரோடிருப்பவர்க்கு விதிக்கும் மரணதண்டனை என்று கடிந்துகொள்ளுகிறார். இவ்விடத்தில் நாம் டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறோம். ஓர் உயிருக்கு இன்னும் கதவு மூடவில்லையாயின், மூடிற்று என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை.

ஆயினும் கிழவர் மூடர் அல்லர். அவர் எங்கே தவறினார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான சுரங்களையும் கழிச்சல்களையும் இடையறாது கண்டவர்க்கு, இந்நோய் இவ்வாறு நடந்து இவ்வாறு முடியும் என்ற அறிவு உண்டாவது இயல்பு. அந்த அறிவு பொய்யன்று. ஆற்றின் போக்கை நன்கறிந்த படகோட்டி, இவ்விடத்தே சுழல் உண்டு என்று சொல்லுவதைப் போன்றது அது. 1940-ஆம் ஆண்டையடுத்த பத்தாண்டுக்குள் ஆறே தடம் மாறிவிட்டது. பிளெமிங் 1928-இற் கண்ட பெனிசிலின் அப்பொழுதுதான் மக்கள் கைக்கு எட்டிற்று. க்ஷயத்திற்கு ஸ்ட்ரெப்டோமைசினும், குடற்காய்ச்சலுக்குக் குளோரோமைசிடினும் வந்தன. நேற்றுவரை சாவில் முடிந்த நோய்கள் இன்று பத்து நாளிற் குணமாயின. கிழவருடைய விரல்கள் முன்போலவே உணர்ந்தன. உணர்ந்ததன் பொருள்தான் மாறிவிட்டது. தாராசங்கரர் இந்நாவலுக்கு அக்காலத்தைத் தேர்ந்துகொண்டது தற்செயலாக அன்று.

நாடியிலே உண்மையில் என்ன தெரியும்? எண்ணிக்கையும், தாளமும், நிறைவும், இரத்தக்குழாயின் இறுக்கமும் தெரியும். குடற்காய்ச்சலில் உடம்பின் சூடு ஏறுமளவுக்கு நாடியின் வேகம் ஏறாமல் நிற்பதுண்டு. இஃது ஐரோப்பிய டாக்டர்களும் நெடுநாளாக எழுதிவைத்த குறி. ஆகவே இரத்தப் பரீட்சையின் முடிவு வருமுன்னர்ப் பழகிய விரலொன்று குடற்காய்ச்சலை ஐயுறுதல் கூடும். சாவின் நாளை நாடியினாற் குறிக்கலாம் என்பதற்கோ விஞ்ஞானத்திற் சான்று இல்லை. நாவலாசிரியர் இவ்விரண்டிற்கும் இடையே கோடு கிழிக்கவில்லை. கதை கதையே.

மசாயின் வித்தைக்கு அவரே கொடுத்த விலை ஒன்று உண்டு. அவருடைய ஒரே மகன் வனவிஹாரி நோயுற்றபொழுது, மகனுடைய நாடியிலும் அவர் மரணத்தைக் கண்டார், கண்டதை மறைக்கவில்லை. மகன் இறந்தான். மனைவி அவரை மன்னிக்கவே இல்லை. ஒரு வீட்டில் இருவர் முதுமை வரையில் அவ்வடுவோடு வாழுகின்றனர். நோய்க்கும் மருந்துக்கும் இடையிலுள்ள போராட்டம் என்று தொடங்கிய கதை, இவ்விடத்தில், தெரிந்த உண்மையைச் சொல்லுவதா மறைப்பதா என்ற போராட்டமாகிவிடுகிறது. மரணத்தைப் பிங்கள நிறக் கூந்தலையுடைய, குருடும் செவிடுமான கன்னிகையாகச் சொல்லும் புராணக் கதையை மசாய் தம் தந்தையிடம் கேட்டறிந்தவர். அவள் உயிர்களின் நிழல்போல உடன்வருகிறாள் என்பது அவர் எண்ணம். பிரத்யோதுக்கு அவள் பகைவி. மசாய்க்கு அவள் ஊரிலுள்ளவர்களுள் ஒருத்தி.

பிற்பகுதியில் டாக்டருடைய இளம் மனைவியே காய்ச்சலிற் படுக்கிறாள். பிறர் மனைவியின் கட்டிலருகே நின்று நம்பிக்கை சொல்லிப் பழகியவர் தம் வீட்டுக் கட்டிலருகே நடுங்குகிறார். மசாய் வருகிறார், கைபிடித்துப் பார்க்கிறார், இவள் பிழைப்பாள் என்கிறார். நோயைத் தீர்ப்பது டாக்டருடைய மருந்தே. ஆனால், அவ்விரவைக் கடப்பதற்கு அவர்க்கு வேண்டியிருந்தது கிழவரின் சொல். இதனைத் தோல்வி வெற்றியாகக் கணக்கிடுவார் கணக்கிடுக. இப்படம் எந்த ஆண்டுக்குரிய விருதைப் பெற்றதோ அந்த 1967-ஆம் ஆண்டிலேயே லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் செயின்ட் கிறிஸ்டபர் இல்லத்தைத் திறந்தார். குணமாகாதென்று உறுதிப்பட்ட நோயாளியை ஏமாற்றாமலும் கைவிடாமலும் நோவைத் தணித்து இறுதிவரை உடனிருப்பது அவ்வில்லத்தின் வேலை. ஊசியும் கத்தியும் கொண்டு வென்ற வைத்தியம், சாவைப் பற்றி நோயாளியோடு பேசுவது எவ்வாறு என்பதை அங்கே புதிதாகக் கற்கத் தொடங்கிற்று. கங்கைக் கரைக்கு வழி சொல்லிய கிழவர் அறிந்திருந்ததும் ஏறக்குறைய அதுவே.

'ஹாட்டே பஜாரே' என்றால் சந்தையிலும் கடைவீதியிலும் என்று பொருள். பனபூல், அஃதாவது காட்டுமலர், என்ற புனைபெயரில் எழுதிய பலாய்சந்த் முகோபாத்தியாயர் தாமே டாக்டர். பாகல்பூரில் நெடுங்காலம் தொழில் நடத்தியவர். அவருடைய கதையின் டாக்டர் அரசாங்க உத்தியோகத்தை விட்டபின் வண்டியில் மருந்தேற்றிக்கொண்டு சந்தை சந்தையாகச் செல்லுகிறார். அசோக் குமார் அவ்வேடத்தில் நடித்தார். சந்தையிலே வாழும் ஏழைப் பெண்ணாக நடித்தவர் சென்னையிற் பிறந்த நம் வைஜயந்திமாலா என்பதை நம்மவர்க்கு நினைவூட்டுதல் தகும். படத்தில் வில்லனும் சண்டையும் உள்ளன, அவற்றை விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது அவ்வண்டி. கிராமத்தான் மூடநம்பிக்கையினாற் பூசாரியிடம் செல்லுகிறான் என்பது பாதி உண்மை. பூசாரி பக்கத்துத் தெருவில் இருக்கிறார், நள்ளிரவிலும் வருவார், கூலி அறுவடைக்குப் பின் வாங்கிக்கொள்ளுவார். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அப்பால். ஓடமில்லாத இரவில் நம்பிக்கை எது, வேறு வழியின்மை எது என்று பிரித்தறிதல் எளிதன்று.

'கணசத்ரு' கிராமக் கதையன்று. சிறு பட்டணத்துக் கதை. 1882-இல் நார்வே நாட்டு இப்சன் எழுதிய நாடகத்தை ராய் வங்கத்துக்குக் கொணர்ந்தார். மூலத்தில் நஞ்சேறியது ஸ்நான மண்டபத்து நீர். இங்கே கோயில் தீர்த்தம். ஊரில் மஞ்சட்காமாலை பரவுகிறது. டாக்டர் அசோக் குப்தா நீரைப் பரீட்சிக்கச் செய்து, பூமிக்கடியிற் பழுதான குழாய்களால் தீர்த்தத்தில் அழுக்குக் கலந்திருப்பதை அறிகிறார். துளசியும் கங்கை நீரும் கலந்தது கெடுமோ என்பது அவர்க்குக் கிடைக்கும் விடை. நகரசபைத் தலைவர் அவருடைய உடன்பிறந்தாரே. அவருடைய அச்சம் தேவகோபம் அன்று. யாத்திரிகர் வரவு நின்றால் ஊரின் வருமானம் நின்றுவிடும் என்பதே. 'தேவி'யின் காளிகிங்கரர் உளமார நம்பியவர். அவர் தவறு நம் இரக்கத்துக்குரியது. நகரசபைத் தலைவர் நம்பிக்கையைக் கணக்குப் புத்தகத்தில் வரவு வைப்பவர். இருபத்தொன்பது ஆண்டு இடைவெளியில் ராயின் சினம் எங்கே சென்று சேர்ந்தது என்பதை இதனால் அறியலாம். படமாக, 'கணசத்ரு' 'தேவி'க்கு ஈடாகாது. பேச்சு மிகுதி, அறைக்குள்ளேயே நடக்கிறது. ராய் 1983-இல் இருதய நோயுற்றபின், டாக்டர்களின் கட்டளைப்படி வெளியே அலையாமல் எடுத்த படம் அது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தல் முறை.

இந்நான்கு படங்களிலும் காணாத ஒன்று 1971-இல் வங்கத்திலேயே நடந்தது. கிழக்கு வங்கத்துப் போரினால் எல்லை கடந்து வந்த அகதிகள் வனகாம் முகாமில் நெருங்கியிருந்தனர், காலரா புகுந்தது. இரத்தக்குழாயில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவிட்டது. திலீப் மஹலானபிஸ் என்னும் டாக்டர், குளுக்கோஸும் சமையலுப்பும் சோடா உப்பும் நீரிற் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து, வாய்வழியாக ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு, அந்நீரைப் பருகினோரிடை நூற்றுக்கு நான்குக்கும் குறைந்தது. தாய் அடுக்களையிற் கரைத்துத் தரக்கூடிய மருந்து. ஆனால், சர்க்கரை உடன் சென்றால்தான் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்ற உண்மையை ஆராய்ச்சிசாலையிற் கண்டறிந்த பின்னரே அதைக் கரைக்கத் தெரிந்தது. பார்ப்பதற்குப் பாட்டி வைத்தியம், பிறந்ததோ விஞ்ஞானத்தில். கதவு திறந்து ஊசியோடு நுழையும் வீரர் இக்காட்சியில் இல்லாமையால், படமெடுப்பார்க்கு இது சுவைப்பதில்லை போலும்.

ஜீவன் மசாயின் ஜில்லாவான வீர்பூமில் இன்று அவர் திண்ணையில் அமர்ந்திருப்பவர் கவிராஜரும் அல்லர். பட்டம் பெற்ற டாக்டரும் அல்லர். மருந்துக்கடையிலோ டாக்டர் ஒருவரிடமோ சிலகாலம் இருந்து தொழில் பழகி, மாத்திரையும் ஊசியும் கொடுக்கும் ஒருவர். ஊரார் அவரையே டாக்டர் என்கின்றனர். அத்தகையோர் 304 பேரைக் கொண்டு அந்த ஜில்லாவில் ஒரு பரீட்சை நடத்தப்பட்டது. அதன் முடிவு 2016-இல் வெளியாயிற்று. சீட்டுக் குலுக்கியதுபோல் அவர்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு ஒன்பது மாதம் பாடம் நடத்தினர். பின்னர் நோயாளி வேடம் பூண்ட சிலரை, முன்னறிவிப்பின்றி, அவர்களிடம் அனுப்பினர். பாடம் கேட்டோர் நோயைச் சரியாகக் கையாளுவது ஓரளவு கூடியிருந்தது. வேண்டாத மருந்துகளை எழுதும் வழக்கம் மட்டும் குறையவில்லை. வேடம் பூண்டு வந்தவருள் ஒருவர் மார்புவலி என்றார். ஒருவர் மூச்சிரைப்பு என்றார். மற்றொருவர், வீட்டிலுள்ள தம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிப் பிள்ளையில்லாமல் தனியே வந்து நின்றார். மாத்திரையை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடுவதா, பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா என்று முதலிற் கேட்பதா என்பதை அத்திண்ணையில் இருந்தவர் அந்நொடியிலேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது.